ரதிய மறக்க முடியல, நான் எழுதின செல்லம்மாவ யாருக்கும் ஞாபகம் இல்ல. ஏன்?

பீலிக்கரை டீச்சர், பொகவந்தலாவை
ஞாயிறு, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். ஒரு விஷயம் மூன்று வாரமாக மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. கூத்துக் குடும்பத்துப் பிள்ளைகளும் கதை எழுதுகிறவர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன்.

2019இல் தமிழ்த் தினப் போட்டிக்கு ஒரு நாடகம் எழுதினேன். செல்லம்மா என்ற, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பெண்ணின் கதை. புருசன் குடிக்கிறான். மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். நிறுவையில் கணக்கப்பிள்ளை கிலோ வெட்டுகிறார். கடைசிக் காட்சியில் செல்லம்மா, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நின்று ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டுப் பேசுவாள். மண்டபத்தில் தாய்மார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். வலய மட்டத்தில் முதலிடம் கிடைத்தது. அன்றைக்கு நான் தூங்கவே இல்லை, அவ்வளவு சந்தோசம்.

2021 மார்ச்சில் ஆயிரம் ரூபா வர்த்தமானியில் வந்தது. செல்லம்மாவின் கடைசிப் பேச்சும் அன்றோடு முடிந்துபோனது. அதைத் திருத்தி மறுபடி போடலாம் என்று இந்த வருசம் எடுத்தேன். அன்றைக்கு அந்த நாடகத்தைப் பார்த்த பிள்ளைகள் இப்போது பெரிய வகுப்பில் இருக்கிறார்கள். “செல்லம்மாவை ஞாபகம் இருக்கா?” என்று கேட்டேன். ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். ஒரு பிள்ளை மட்டும், “அந்த அழுவுற அம்மாவா டீச்சர்?” என்றது.

அதே பிள்ளைகள்தான் இடைவேளையில் துப்பட்டாவை முக்காடு போட்டுக்கொண்டு, காமன் கூத்தில் வருகிற ரதியாக ஆடுகிறார்கள். ஒருத்தன் ரூலரை இரண்டாக மடித்த மாதிரி பிடித்துக் கரும்பு வில் என்கிறான். எமன் எந்தக் காலை முதலில் வைப்பான் என்பதில் சண்டை வருகிறது. வருசத்தில் ஒரு இரவு பார்க்கிற கூத்து அது. நான் இரண்டு மாதம் பழக்கியது நாடகம்.

ரதியும் அழுகிறாள், செல்லம்மாவும் அழுகிறாள். ஒருத்தி நிற்கிறாள், ஒருத்தி போய்விட்டாள். நான் எங்கே விட்டேன்?


தப்புக்காரர் பேரன், மஸ்கெலியா
ஞாயிறு, இரவு 10.05

டீச்சர், இது எங்க வீட்டு விஷயம், அதனால கொஞ்சம் நீட்டிப் பேசுறேன், மன்னிக்கணும். எங்க தாத்தா தப்பு அடிக்கிறவரு, எங்க அப்பா உடுக்கு. எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லேர்ந்து மாசி மாசம்னா காமன் பொட்டல்தான்.

மாசி அமாவாசை கழிஞ்சு மூணாம் பிறைக்குக் கம்பம் ஊனுவாங்க. அன்னைக்கே ரதிக்கும் மம்முதனுக்கும், அதான் மன்மதன், காமன், அவனுக்கும் காப்புக் கட்டியாச்சுன்னா அவங்க ரெண்டு பேரும் கவிச்சி தொடமாட்டாங்க, சாவு வீட்டுக்குப் போகமாட்டாங்க. அப்பருந்து பௌர்ணமி வரைக்கும் பொழுது சாஞ்சா பொட்டல்ல தப்புச் சத்தம். அதனால ரதிய நீங்க ஒரு ராத்திரிதான் பாக்குறீங்கன்னு சொல்லுறது சரியில்ல டீச்சர். ரெண்டு கிழமையா அவ ஒங்க லயத்துலதான், ஒங்க தோட்டத்து வரிசை வீட்டுலதான் இருக்கா. காலையில பீலியில தண்ணி புடிக்கிற அந்தப் பையன்தான் ரதின்னு எல்லாருக்கும் தெரியும். ஆம்பளப் பையன்தான், ஆனா அந்த ரெண்டு கிழமைக்குப் பொம்பளைங்க அவனுக்கு வரிசையில எடம் விடுவாங்க.

கதைக்கு வருவோம். புராணத்துல தேவர்கள், அசுரன், தவம்னு பெரிய காரியம் எல்லாம் இருக்கு. எங்க பொட்டல்ல அது ஒரு குடும்பச் சண்டை. மம்முதன் யாரு? பெருமாள் மகன். பெருமாள் யாரு? பார்வதிக்கு அண்ணன். அப்ப சிவன் மம்முதனுக்கு மாமன். மாமன் மருமகன எரிக்கிறான்! இத எங்க அப்பா அடிக்கடி சொல்லுவாரு: “தேவன் தேவன எரிச்சா ஒனக்கு என்னடா? மாமன் மருமகன எரிச்சாத்தான்டா ஒனக்கு வயிறு எரியும்.”

ஒரு எடத்த மட்டும் கிட்டப் போய்ப் பாருங்க. ஓலத்தூதன் வந்து ஓலையக் குடுத்துட்டான். சிவன் தவத்தக் கலைக்கப் போகணும். ரதிக்குத் தெரியும், போனா திரும்பமாட்டான். எங்க தோட்டத்துல அவ அழமாட்டா அந்த எடத்துல. சண்ட புடிப்பா. கெட்ட கனா கண்டேன்னு சொல்லுவா, அவன் சிரிப்பான். எங்க மாமனப் பத்தி ஒனக்கு என்னடி தெரியும்னு கேப்பான். அப்ப அவ போய் அவன் வில்ல எடுத்து முதுகுக்குப் பின்னாடி மறைச்சுக்குவா. அவன் எடது பக்கம் வந்தா இவ வலது பக்கம் திரும்புவா, அவன் வலது பக்கம் வந்தா எடது பக்கம். தப்பு அப்ப மெதுவாத்தான் அடிக்கும். மூணு சுத்து. மூணாவது சுத்துல அவளே வில்ல முன்னாடி நீட்டிருவா.

அந்த நீட்டுற கை இருக்கே, அதுக்குத்தான் ராத்திரி ரெண்டு மணிக்குப் பனியில கம்பளியப் போத்திக்கிட்டுச் சனம் ஒக்காந்திருக்கு. எரியிறதுக்கு இல்ல. எரிஞ்ச பெறகு அவ அழுவுறது அந்தக் கையிலேர்ந்து வருது. தானே எடுத்துக் குடுத்துட்டோமேன்னு அழுவுறா.

ஒங்க செல்லம்மா அழுவுறதுக்கு முன்னாடி என்ன செஞ்சா டீச்சர்?


கோச்சிப்பாதை, பதுளை
திங்கள், காலை 6.15

தப்புக்காரர் பேரன் சொன்னது அழகா இருக்கு. ஆனா ஒரு விஷயத்த எல்லாரும் தாண்டிப் போறீங்க. ரதிய வருசா வருசம் பாக்குறோம். பொறந்ததுலேர்ந்து பாக்குறோம். நூறு தடவ பாத்த ஆள மறக்க ஏலுமா? டீச்சர் நாடகத்த ஒரு தடவ போட்டாங்க, முடிஞ்சுது. செல்லம்மாவ இருபது வருசம் தொடர்ந்து மேடையேத்தினா அவளும் நிப்பா. இதுல எழுத்துத் திறமைக்கு என்ன வேல இருக்கு? பழக்கம்தான்.

டீச்சர் மேல பழி போடாதீங்கன்னுதான் சொல்லுறேன். ரெண்டு மாசத்துல பிள்ளைங்கள வச்சு ஒரு நாடகம் செய்யுறது லேசுப்பட்ட காரியம் இல்ல.


தப்புக்காரர் பேரன், மஸ்கெலியா
திங்கள், பகல் 12.30

கோச்சிப்பாதை அண்ணே, டீச்சர் மேல பழியே இல்ல. ஆனா பழக்கம்னு சொன்னீங்களே, அதுக்கு ஒரு பதில். அதே பொட்டல்ல இந்திரனும் வருசா வருசம் வாறான். கிரீடம் வச்சுக்கிட்டு, ரதிய விட நல்ல சட்டை போட்டுக்கிட்டு வாறான். ஒங்களுக்கு அவன் சொன்ன ஒரு வார்த்த ஞாபகம் இருக்கா? எங்க தோட்டத்துல ஒரு சின்னப் புள்ள கூட இந்திரன் வெளாட்டு வெளாடி நான் பாத்ததில்ல. நூறு தடவ பாத்தும் நிக்காத ஆளுங்க இருக்காங்க.

இந்திரன் ஓலைய அனுப்புறான், அவ்வளவுதான். அவனுக்கு எதுவும் போகல.

எல்லாத் தோட்டத்துலயும் இப்படித்தான் ஆடுவாங்கன்னு நான் சொல்லல. வில்ல மறைக்கிறது எங்க கூத்து மாஸ்டர் வழி. பக்கத்து டிவிசன்லயே வேற மாதிரி.


இஸ்தோப்பு, தலவாக்கலை
திங்கள், இரவு 9.20

நான் கூத்துக்காரி இல்லை. ஆனால் கதை கேட்டு வளர்ந்தவள். எங்கள் லயத்தில் ஆறாம் காம்பரா இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன் திண்ணையில்தான் கதை வாசிப்பு. பெரிய எழுத்துப் புத்தகங்கள். அல்லி அரசாணி மாலை, மதுரை வீரன், விக்கிரமாதித்தன், நல்லதங்காள். அட்டை கிழிந்து, மாட்டுத் தாள் ஒட்டி, எண்ணெய்க் கறையோடு ஒரு கட்டு இருந்தது. லயத்தில் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் ஒரே ஒரு மாமா. குப்பி லாம்பை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு மற்றவர்கள் இருட்டில் உட்காருவார்கள்.

எங்கள் அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது. பேர்ச் சீட்டில் கைநாட்டுத்தான். ஆனால் மாமா ஒரு வரியைத் தாண்டினால், “ஏய், அத விட்டுட்டியே” என்பார். முழுப் புத்தகமும் அவர் மனதில் இருந்தது.

நல்லதங்காள் கதை எல்லாருக்கும் தெரியும். பஞ்சத்துக்குத் தப்பி ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். பிறகு பசித்து வந்தவர்களுக்குப் புழுத்த கேழ்வரகும் ஓட்டைச் சட்டியும் பச்சை விறகும் எடுத்துக் கொடுக்கிறாள். கடைசியில் நல்லதங்காள் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுத் தானும் விழுகிறாள்.

வெளியாட்கள் இந்தக் கதையைப் பற்றி எழுதும்போது கிணற்றைப் பற்றித்தான் எழுதுவார்கள். எங்கள் இஸ்தோப்பில் கிணறு வருகிறபோது எல்லாரும் அமைதியாக இருப்பார்கள், சேலை நுனியை வாயில் வைத்துக்கொள்வார்கள். ஆனால் மறுநாள் மலையில் கொழுந்தெடுக்கும்போது பேசுவது கிணற்றைப் பற்றி அல்ல. பச்சை விறகைப் பற்றி. “பாதகத்தி, பச்ச வெறக எடுத்துக் குடுத்தாளே!” என்று நிரை முழுக்க அதே பேச்சு.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். தலவாக்கலையில் ஆனி ஆடி மழை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மலையிலிருந்து தலையில் கட்டி வருகிற மிலாறு, வெட்டின தேயிலைச் செடிக் குச்சி, நனைந்து போயிருக்கும். அடுப்பை ஊதி ஊதிக் கண் சிவக்கும், புகை காம்பரா முழுக்க நிற்கும், பிள்ளைகள் இருமும், ரொட்டி வேகாது. ஒரு பெண்ணுக்கு நனைந்த விறகைக் கொடுப்பது என்ன கொடுமை என்று எங்கள் பெண்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. எங்கோ மதுரைப் பக்கத்துக் கதை அந்த ஒரு விறகால் எங்கள் அடுப்படிக்கு வந்துவிட்டது. பக்கத்துக் காம்பராவில் விறகு கேட்டுப் போகிறவர்கள் “மூளி மாதிரிக் குடுத்துறாத” என்று சொல்லியே கேட்பார்கள். அந்த அண்ணி அப்படி எங்கள் பேச்சுக்குள் குடியேறிவிட்டாள்.

பீலிக்கரை டீச்சர், உங்கள் நாடகத்தை நான் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னதை வைத்துக் கேட்கிறேன். குடிகாரப் புருசன், கொழும்பு மகன், கிலோ வெட்டும் கணக்கப்பிள்ளை. எல்லாம் உண்மை. ஆனால் இது எல்லாச் செல்லம்மாவுக்கும் பொருந்தும். உங்கள் செல்லம்மாவின் அடுப்படியில் என்ன இருந்தது?


பீலிக்கரை டீச்சர், பொகவந்தலாவை
திங்கள், இரவு 10.50

இரண்டு கேள்விகளையும் கொப்பியில் எழுதிவைத்துவிட்டேன். அழுவதற்கு முன் என்ன செய்தாள்? அடுப்படியில் என்ன இருந்தது? இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. உண்மையைச் சொல்கிறேன். நான் முதலில் கடைசிப் பேச்சைத்தான் எழுதினேன். அதற்குப் பிறகு அதைப் பேச ஓர் ஆள் வேண்டும் என்று செல்லம்மாவைக் கொண்டுவந்து நிறுத்தினேன்.

நானும் லயத்தில் பிறந்தவள்தான். எங்கம்மா முப்பத்தொரு வருசம் கொழுந்தெடுத்தவர். அவரைப் பற்றி எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு எங்கம்மா ஒருநாளும் பேசாத ஒரு பேச்சை எழுதியிருக்கிறேன். இதை எழுதும்போது கை நடுங்குகிறது.


வளாகத்துப் பொடியன், பேராதனை
செவ்வாய், மாலை 5.10

டீச்சர், உங்களைப் போல உடைச்சுச் சொல்லுற ஆட்கள் குறைவு. நான் நாடகம் படிக்கிறவன், அதனால இந்தப் பக்கத்துல ரெண்டு விஷயம் சேர்க்கிறேன்.

நான் இருக்கிற இந்தப் பேராதனை மலையிலதான் இதே கேள்விய ரெண்டு பேர் கேட்டிருக்கிறாங்க. ஒருத்தர் சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திர. 1956இல் ‘மனமே’ செய்தார். பழைய ஜாதகக் கதையில ஒரு வில்வீரன் காட்டுல கொள்ளைக்காரர் தலைவனோட சண்டை போடுறான், வாளைக் கேக்கிறான். மனைவி வாளின் பிடியை எதிரி கையில குடுத்திடுறா. அவ கெட்டவ, அவ்வளவுதான் கதை. சரச்சந்திர அந்தப் பெண்ணை அப்படியே எடுக்கல. அவரோட இளவரசி ஒரு நிமிசம் தயங்குறா. தனியாளா நேர்மையாச் சண்டை போட்டவன் மேல அவளுக்கு ஓர் இரக்கம் வருது. அந்தத் தயக்கத்துலதான் எல்லாம் முடியுது. அவ குற்றவாளியா இல்லையான்னு இன்னைக்கும் சிங்கள ரசிகர்கள் வாதாடிக்கிட்டு இருக்கிறாங்க. ‘வள’ன்னு நாங்க சொல்லுற திறந்தவெளி அரங்குல, மரங்களுக்குக் கீழ படியில உட்கார்ந்து நான் அதைப் பார்த்தேன். முடிஞ்சு விடுதிக்கு நடக்கிற வழியெல்லாம் நண்பர்களோட சண்டை. ரெண்டாயிரம் வருசமாக் கெட்டவளா இருந்தவ ஒரு தயக்கத்தால ஆளாகிட்டா.

மற்றவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1960களில் தமிழ் மாணவர்களையும் மட்டக்களப்புக் கூத்து ஆசான்களான அண்ணாவிமாரையும் சேர்த்து வடமோடி என்ற கூத்து வகையைப் பேராதனை மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் கர்ணன் போர், பிறகு இராவணேசன். விடிய விடிய ஆடுறதை மேடைக்கு ஏத்த நேரத்துக்குச் சுருக்கினாங்க. சுருக்கும்போது எதை வெட்டுறது, எதை வைக்கிறதுன்னு ஒரு கேள்வி வருமே? இராவணேசனில் இராவணன் என்ற மனுசனை வச்சிருந்தாங்க. அப்போ மாணவரா இருந்த மௌனகுரு இராவணனா ஆடினார். தோற்பான்னு பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் அவன் போருக்குப் புறப்படுற நேரத்துல அவன் பக்கம்தான் மனசு நிக்கும்.

இதுல எனக்கு ஒரு வருத்தமும் இருக்கு. மட்டக்களப்புக் கூத்துக்கு வளாகத்துல கிடைச்ச இடம், பக்கத்து மலையில பொட்டல்ல ஆடின காமன் கூத்துக்கு அந்த நாள்ல கிடைக்கல. தப்புச் சத்தம் கேக்கிற தூரம்தான். இப்போ ஆய்வுக்கு எடுக்கிறாங்க, மேடையேத்துறாங்க, சந்தோசம். ஆனா எத்தனையோ மாஸ்டர்மார் கொப்பியோட போயிட்டாங்க.

இஸ்தோப்பு அக்கா சொன்ன பச்சை விறகு நூறு வீதம் சரி. ஆனா டீச்சர், ஒரு பொருளை மட்டும் கையில குடுத்தா ஆள் வந்திடாது. போட்டி நாடகங்கள்ல எல்லாரும் ஒரு பழைய பெட்டி, ஒரு போட்டோ, ஒரு சிலம்புன்னு தூக்கிக்கிட்டு வாறாங்க. அந்தப் பொருளால அந்த ஆள் ஒரு முடிவு எடுக்கணும். ரதி வில்லை வச்சிருக்கிறது பெரிசில்ல, நீட்டுறாளே அதுதான்.


சிலோன்காரர் பேத்தி, கோத்தகிரி
செவ்வாய், இரவு 11.35

வணக்கம். நான் நீலகிரியிலிருந்து எழுதுகிறேன். இங்கே எங்களை இன்னும் சிலோன்காரங்க என்றுதான் சொல்வார்கள். தாத்தா, அப்பாயி, எங்க அப்பா எல்லாரும் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். 1964 ஒப்பந்தத்தில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்களே, அந்த முதல் கணக்கில் எங்கள் வீடு ஒன்று. ஒப்பாரிக் கோச்சி என்று சொல்கிற ரயிலில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு இங்கே அரசாங்கத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார்கள். மறுபடியும் அதே கொழுந்துதான்.

எங்க தாத்தா ரதி. இப்படித்தான் எங்கள் வீட்டில் சொல்வோம். ரதி வேசம் கட்டினார் என்று சொல்லமாட்டோம். பதினாறு வயதிலிருந்து கோச்சி ஏறும் வரைக்கும் அந்தத் தோட்டத்தில் வேறு யாரும் ரதி கட்டவில்லை. சாமான் கட்டும்போது அப்பாயி அம்மிக் குழவியையும் ஒரு வெண்கலச் சட்டியையும் எடுத்துக்கொண்டார். தாத்தா எடுத்தது ஒரு ஜோடிச் சலங்கை. எடை கூடுது, ஒன்றை வைத்துவிட்டு வா என்று யாரோ சொன்னபோது தாத்தா தன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சலங்கையோடு ஏறினாராம்.

இங்கே வந்தபிறகு அவர் ஆடவில்லை. கூட ஆடின மம்முதனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்து அங்கேயே நின்றுவிட்டார். சிவன் கட்டினவர் எங்கே போனார் என்றே தெரியாது. ஒரு கூத்து ஆட எத்தனை பேர் வேண்டும்! அத்தனை பேரையும் இரண்டு நாட்டுக் கணக்கில் பிரித்துவிட்டார்கள். மாசி மாதம் வந்தால் தாத்தா இரவில் தனியாக, சத்தமில்லாமல், ரதி புலம்பலைப் பாடுவார். தட்டுவதற்குத் தகரம் கூட எடுக்கமாட்டார்.

தப்புக்காரர் பேரன் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். மூன்றாம் நாள் காமனை எழுப்புவார்கள். ஆனால் எப்படி? ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான், வேறு யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். தாத்தா இந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டு எனக்குக் கதையாகச் சொல்வார். “பாரு ஆயி, அவ பக்கத்துல அவன் நிக்கிறான். அவ பேசுறா, சிரிக்கிறா. பாக்குறவங்களுக்கு அவ தனியாப் பேசுற மாதிரித்தான் இருக்கும்.” ஆடுகிறவர் அப்போது பக்கத்தில் ஆளே இல்லாத இடத்தைப் பார்த்து ஆட வேண்டும். அதுதான் கஷ்டம் என்பார். அழுகிறது லேசு ஆயி, வெறும் இடத்தைப் பார்த்துச் சிரிக்கிறதுதான் கஷ்டம்.

எங்கள் அப்பாயி சாகும்வரைக்கும் அந்தத் தோட்டத்துப் பீலியையும் ரோட்டு வளைவையும் மாரியம்மன் கோயிலையும் பக்கத்தில் இருப்பதுபோலக் கைநீட்டிப் பேசுவார். கேட்கிற எங்களுக்கு அந்தப் பக்கம் யூக்கலிப்டஸ் மரம்தான் தெரியும்.

டீச்சர், உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். சலங்கை இப்போது என்னிடம் இருக்கிறது.


கோச்சிப்பாதை, பதுளை
புதன், காலை 7.00

நேத்து ராத்திரி கோத்தகிரித் தங்கச்சி எழுதுனத எங்க வீட்டுல சத்தமா வாசிச்சேன். எங்கம்மா பாதியில எழும்பிப் போயிட்டாங்க. அவங்க பெரியண்ணன் குடும்பமும் அந்தக் கோச்சியிலதான் போச்சு.

பழக்கம்னு சொன்ன என் வாதத்த நான் வாபஸ் வாங்குறேன். யோசிச்சுப் பாத்தா எங்க பக்கத்துப் பொன்னர் சங்கர் கூத்துலயும் இதேதான். அத்தனை சண்டை, அத்தனை வாள் வீச்சு. எல்லாம் எதுல தொடங்குது? தங்கச்சி தங்காள் வீரமலைக் கிளி வேணும்னு கேட்டதுல. ஒரு ஜோடிக் கிளி. அத்தனை பாசமா வளத்த தங்கச்சி ஆசப்பட்டுக் கேட்டா எந்த அண்ணன் இல்லைன்னு சொல்லுவான்? அதுல வேடர்களோட பகை, கடைசியில படுகளம். படுகளத்துல செத்தவங்க மேல வெள்ளத் துணி போத்திக் கெடப்பாங்க, தங்காள் தண்ணியோட தேடி வருவா. அந்த நேரம் அவ வாய்ல கிளியப் பத்தி ஒரு சொல் வராது. ஆனா பாத்துக்கிட்டு இருக்கிற எனக்குச் சின்ன வயசுலேர்ந்து அந்தக் கிளிதான் ஞாபகத்துக்கு வரும். கேக்காம இருந்திருக்கலாமேன்னு இருக்கும்.

டீச்சர், செல்லம்மாவுக்கு என்ன ஆசைன்னு முதல்ல கண்டுபுடிங்க. சம்பளம் எல்லாருக்கும் வேணும். அவளுக்கு மட்டும் என்ன வேணும்?


பீலிக்கரை டீச்சர், பொகவந்தலாவை
சனி, இரவு 9.15

மூன்று நாள் எழுதிக் கிழித்து, இன்று ஒரு காட்சி வந்திருக்கிறது. எங்கம்மாவிடம் போய் உட்கார்ந்து கேட்டுத்தான் எழுதினேன். “அம்மா, நான் பிள்ளப்பேத்துக்கு வீட்டுக்கு வந்தப்ப நீங்க என்ன செஞ்சீங்க?” என்று கேட்டேன். அம்மா யோசிக்கவே இல்லை. “காஞ்ச மிலாறு சேத்தேன்” என்றார். எனக்கு அது அன்றைக்கு வரைக்கும் தெரியாது.

காட்சி இப்படி. செல்லம்மாவின் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வரப்போகிறாள். கார்த்திகை மாதம், ஓயாத மழை. பச்சைப் பிள்ளைக்குத் தண்ணீர் காய்ச்ச வேண்டும், காம்பரா சூடாக இருக்க வேண்டும், புகை மட்டும் இருக்கக்கூடாது. அதனால் செல்லம்மா ஆடி மாதத்திலிருந்தே, தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து மலையில் பொறுக்கின மிலாற்றைக் காயவைத்து, சாக்குப் படங்கால் சுற்றி, கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறாள். வீட்டில் யாரும் அதைத் தொடக்கூடாது. புருசன் ஒருநாள் சாயத்தண்ணிக்கு இரண்டு குச்சி எடுத்தான் என்று அவனோடு ஒரு கிழமை பேசவில்லை. நானும் நனைந்த விறகைத்தான் ஊதுகிறேன், நீங்களும் ஊதுங்கள் என்கிறாள்.

பக்கத்துக் காம்பராவில் ஒரு கிழவி. செல்லம்மாவுக்கும் அவளுக்கும் பத்து வருசமாகப் பேச்சில்லை, பீலிக்கரைச் சண்டை. கிழவியின் பேரப்பிள்ளைக்கு இரவில் நெஞ்சுச் சளி, மூச்சு இழுக்கிறது. ஆவி பிடிக்கத் தண்ணீர் கொதிக்கவேண்டும், விறகு நனைந்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஊதுகிற சத்தம், இருமல், மறுபடி ஊதுகிற சத்தம். தகரக் கூரை ஒன்றுதான், சுவர் மேலே மூடியிருக்காது. புகை இந்தப் பக்கமும் வருகிறது. செல்லம்மா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். மகள் நாளைக்கு வருகிறாள்.

அவள் பேசுவதற்கு நான் ஒரு வசனமும் எழுதவில்லை. கட்டிலுக்குக் கீழே குனிகிறாள், நிமிர்கிறாள், மறுபடி குனிகிறாள். எத்தனை குச்சி எடுக்கிறாள் என்று சபை எண்ணவேண்டும். ஒன்று, இரண்டு. நிறுத்துகிறாள். இருமல் சத்தம். மூன்று. அப்புறம் கட்டையே அவிழ்க்கிறாள்.

இதற்குப் பிறகு வருகிற காட்சிகள் இன்னும் சரியாகவில்லை. ஆயிரம் ரூபாப் பேச்சை எடுத்துவிட்டேன். நிறுவைக் காட்சி இருக்கிறது, ஏனென்றால் கிலோ வெட்டு இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அங்கே செல்லம்மா எண்ணிக்கொண்டு நிற்கிறாள், கணக்கப்பிள்ளை சொல்கிற கிலோவை அல்ல, தராசுக்குப் பின்னால் கிடக்கிற காய்ந்த விறகை.


இஸ்தோப்பு, தலவாக்கலை
சனி, இரவு 10.02

டீச்சர், வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். எங்கள் அப்பாயி இருந்திருந்தால் உங்கள் கையைப் பிடித்திருப்பார்.

ஒன்று மட்டும். பேச்சில்லாத வீட்டுக்கு விறகைக் கையில் கொடுக்கமாட்டார்கள். இஸ்தோப்பில் போட்டுவிட்டுக் கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்துவிடுவார்கள். கிழவி கதவைத் திறந்து பார்க்கும்போது அங்கே ஆள் இருக்கக்கூடாது. மறுநாள் பீலியிலும் அவர்கள் பேசக்கூடாது. ஆனால் கிழவி தன் குடத்தைக் கொஞ்சம் தள்ளி வைப்பாள், செல்லம்மாவின் குடத்துக்கு இடம் விட்டு. எங்கள் லயத்தில் சண்டை தீருவது அப்படித்தான்.


தப்புக்காரர் பேரன், மஸ்கெலியா
சனி, இரவு 10.40

குச்சி எடுக்குற எடத்துக்குத் தப்பு நான் அடிக்கிறேன் டீச்சர், வேற யாரையும் கேக்காதீங்க. வேகமா அடிக்கக்கூடாது அதுக்கு. அவ நிறுத்துற நேரம் தப்பும் நிக்கணும், இருமல் மட்டும் கேக்கணும். ரதி வில்ல மறைக்கிறப்ப எங்க அப்பா அடிக்கிற அடி ஒண்ணு இருக்கு, அதத்தான் எடுக்கப்போறேன். அப்பாகிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு.

அப்புறம் செல்லம்மாவாக் கட்டுற புள்ளைக்கு இப்பவே சொல்லி வைங்க, பழகுற நாள் பூரா அவளே மிலாறு பொறுக்கிக் கட்டட்டும். அட்டையில செஞ்ச வெறகு வேணாம். சபை எண்ணப்போகுது, சத்தம் கேக்கணும். காஞ்ச குச்சிக்கு ஒரு சத்தம், நனைஞ்ச குச்சிக்கு ஒரு சத்தம்.

அடுத்த சனிக்கிழமை முதல் பஸ்ஸுல வாறேன். ரெண்டு கட்டு எங்க மலையிலேர்ந்து கொண்டாறேன், ஒண்ணு காஞ்சது, ஒண்ணு நனைஞ்சது.